கையில் கைபேசி இல்லாமலே நேர்ந்த விபத்து

18 ஆண்டுகளாகக் கார் ஓட்டியும் யார்மீதும் மோதியதில்லை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கைபேசியைக் காதோடு அணைத்துக்கொண்டு ஓட்டுபவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். என் மகன் வண்டி ஓட்டப் பழகிய நாட்களில் நான் அவனுக்குச் சொன்ன முதல் விதியும் கைபேசியைத் தொடக்கூடாது என்பதுதான். அதனால் அழைப்பு வந்தால் கைபேசியை எடுக்காமல், ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானை அழுத்தி, காரின் ஸ்பீக்கர் வழியாகப் பேசுவதை வழக்கமாக வைத்திருந்தேன். இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருக்கின்றன, கண்களும் சாலையில் இருக்கின்றன, ஆகவே இது பாதுகாப்பானது என்று உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கையோடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு மனிதரை இடித்துத் தள்ளினேன்.

அன்று அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் அக்கா அழைத்தார். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தார். அறுவை சிகிச்சையை மறுநாளே செய்வதா, இதயப் பரிசோதனை முடிவுகள் வரும்வரை காத்திருப்பதா என்று மருத்துவர் எங்களிடம் கேட்டிருந்தார். அக்கா எக்ஸ்ரே படத்தில் முறிவு எங்கே இருக்கிறது, மயக்க மருந்து கொடுப்பவர் என்ன சொன்னார், அப்பா வலியில் எப்படி முனகினார் என்று விவரித்துக்கொண்டே போக, நான் இடையிடையே கேள்வி கேட்டுக்கொண்டு ஓட்டினேன். பேச்சு 11 நிமிடங்கள் நீண்டதைப் பிறகு கைபேசியின் பதிவில் பார்த்தேன். வீட்டுக்கு இன்னும் 4 நிமிடப் பயணமே மிச்சமிருந்தது.

நான் இடித்த அந்த மனிதர் பாதசாரிகள் கடப்பதற்கான வெள்ளைக் கோடுகளின்மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் அணிந்திருந்தது வெளிர்நிறச் சட்டை. சைக்கிளின் பின்சக்கரத்தில் கார் மோதிய ஓசை கேட்ட பிறகே என் கால் பிரேக்கை மிதித்தது. சைக்கிள் சுழன்று அவரைத் தூக்கி எறிந்தது, அவர் உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் இரண்டு இடங்களில் எலும்பு முறிந்திருந்தது. முழங்காலில் தோல் உரிந்து இரத்தம் வழிந்தது. கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடி அவர் பக்கத்தில் மண்டியிட்டேன். அப்போது காருக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்துகொண்டே இருந்தது. “தம்பி, லைன்ல இருக்கியா? நான் சொன்னது கேட்டுச்சா? தம்பி?”

கூட்டத்தில் நின்ற ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, “பாதிச் சாலையைத் தாண்டிட்டாரே, அதுவரைக்கும் உங்க கண்ணுல அவர் படவே இல்லையா?” என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிட வியப்பே மிகுந்திருந்தது. என்னிடம் பதில் இல்லை. பின்னர் விசாரித்த காவலர், அடிபட்டவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று கேட்டபோதும் என்னால் சொல்ல முடியவில்லை. அன்றிரவு படுக்கையில் கிடந்தபடி அந்தப் பயணத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். அதற்கு முந்தைய சிக்னலில் பச்சை எரிந்ததா, சிவப்பு எரிந்ததா என்பதுகூட நினைவில் இல்லை. அக்கா விவரித்த எக்ஸ்ரே படமோ, நான் அதைப் பார்த்திராதபோதும், தெளிவாகக் கண்முன் நின்றது. பேசிய நேரம் முழுவதும் நான் மருத்துவமனையின் வராந்தாவில் நின்றிருக்கிறேன். காரை என் கைகள் பழக்கத்தால் ஓட்டியிருக்கின்றன.

நம் மொழியில் பார்ப்பதும் காண்பதும் ஒன்றல்ல. நான் அந்த மனிதர் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவரைக் காணவில்லை. இது எனக்கு மட்டும் நேர்ந்த கோளாறா என்ற கேள்வி என்னை விடவில்லை. அடுத்த வாரங்களில் தேடித்தேடிப் படித்ததில், ஆராய்ச்சியாளர்கள் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அளந்து எழுதியிருப்பதை அறிந்தேன். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும் ஓட்டுநர் பயிற்சிக்கான மாதிரி வண்டியில் ஆட்களை உட்காரவைத்து, அவர்களுடைய கண் எங்கே பதிகிறது என்பதைக் கருவியால் பதிவுசெய்தனர். 2003-ல் வெளியான அந்த ஆய்வின்படி, கையால் பிடிக்கத் தேவையில்லாத கைபேசியில் பேசிக்கொண்டு ஓட்டியவர்கள், தாம் நேராகக் கண் பதித்த விளம்பரப் பலகைகளையே பிறகு அடையாளம் சொல்லத் திணறினார்கள். கண் அந்தப் பலகையைத் தொட்டிருக்கிறது, மூளை அதை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்மணியின் கேள்விக்கான பதில் அங்கே இருந்தது.

அதற்கும் முன்னால், 1997-ல், கனடாவின் டொரோண்டோவில் ரெடெல்மெயர், டிப்ஷிரானி என்ற இருவர், கைபேசி வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை விபத்து நேரத்தோடு ஒப்பிட்டார்கள். பேசும்போது விபத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. கையில் பிடிக்காத கைபேசிகள் கூடுதல் பாதுகாப்பு எதையும் தரவில்லை என்றும் அவர்கள் எழுதினார்கள். 2005-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் காயமுற்று மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களை ஆராய்ந்த மற்றொரு குழுவும் அதே நான்கு மடங்கு என்ற முடிவுக்கே வந்தது. அங்கும் கையில் பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இந்த ஆய்வுகள் வெளிவந்து ஆண்டுகள் பல கடந்த பின்னும், ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தான் இருப்பதையே பாதுகாப்புச் சான்றிதழாக எண்ணி நான் ஓட்டியிருக்கிறேன் என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

அன்று என் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் அளவில் இருந்தது. குறைந்த வேகம்தானே என்று தோன்றும். அந்த வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 12.5 மீட்டர் ஓடுகிறது. கவனம் வேறிடத்தில் இருந்ததால் என் கால் அரை விநாடி தாமதித்திருந்தாலே, பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன் கார் கூடுதலாக 6 மீட்டருக்கு மேல் போயிருக்கும். அந்த 6 மீட்டருக்குள்தான் அவருடைய பின்சக்கரம் இருந்தது. உண்மையில் என் தாமதம் அரை விநாடியைவிட மிக அதிகம், மோதும்வரை நான் பிரேக்கைத் தொடவே இல்லை.

இதைச் சொன்னபோது ஒரு நண்பர், “அப்படிப் பார்த்தா பக்கத்துல உக்காந்திருக்கிறவங்ககிட்டயும் பேசக்கூடாதே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி, என் மனத்திலும் எழுந்திருந்தது. யூட்டா குழுவினரே 2008-ல் இதைச் சோதித்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் ஓட்டிப்போய், குறிப்பிட்ட ஓய்விடத்தில் பிரிந்து வண்டியை நிறுத்த வேண்டும் என்பது பணி. அருகில் அமர்ந்திருந்த நண்பரோடு பேசிக்கொண்டு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சரியான இடத்தில் பிரிந்தார்கள். கைபேசியில் பேசியவர்களில் பாதிப்பேர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். அருகில் இருப்பவர் சாலையையும் சேர்த்துப் பார்க்கிறார், லாரி குறுக்கே வந்தால் பேச்சை நிறுத்துகிறார், சில நேரம் ஓட்டுநருக்கு முன்பாகவே “பாத்து” என்கிறார். மருத்துவமனையில் இருந்த என் அக்காவுக்கு என் முன்னால் ஒரு மனிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது எப்படித் தெரியும்? அவர் பேசிக்கொண்டே போனது அவருடைய பிழையன்று. வானொலியும் வேறு வகை. அது நம்மிடம் பதில் கேட்பதில்லை, பதில் வராவிட்டால் வருந்துவதும் இல்லை. அப்பாவின் உயிரைப் பற்றிய பேச்சுக்கு மனம் பதில் சொல்லியே தீரும்.

குறுஞ்செய்தியைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, அதன் ஆபத்து வெளிப்படையானது. ஆனாலும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். வர்ஜீனியா தொழில்நுட்பப் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் சரக்கு லாரிகளுக்குள் கேமரா பொருத்தி ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட முடிவுகளில், செய்தி தட்டச்சு செய்யும் ஓட்டுநரின் கண்கள் 6 விநாடியில் ஏறக்குறைய 4.6 விநாடி சாலையை விட்டு விலகியிருந்தன. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 4.6 விநாடியில் வண்டி 100 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கண்களை மூடிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட்டச் சொன்னால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். “சரி” என்று ஒரு சொல் அனுப்புவதற்காக அதையே செய்கிறோம்.

இருசக்கர வாகனத்தில் செல்பவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் இடையே கைபேசியைச் செருகிக்கொண்டோ, கழுத்தைச் சாய்த்துத் தோளில் அழுத்திக்கொண்டோ போகிறவர்களை நாம் எல்லோரும் பார்க்கிறோம். கழுத்து சாயும்போது ஒரு பக்கத்தைத் திரும்பிப் பார்க்க முடியாது, உடலின் சமநிலையும் கெடும். கைபேசி நழுவினால் கை தன்னிச்சையாக அதைப் பிடிக்கப் போகும், அந்த ஒரு நொடியில் வண்டியைப் பிடித்திருப்பது ஒரு கை மட்டுமே. பொருள் கொண்டுசேர்க்கும் வேலையில் இருப்பவர்களுக்கோ வழி, அடுத்த வேலை, வாடிக்கையாளரின் அழைப்பு எல்லாமே கைபேசி வழியாகத்தான் வருகின்றன. அவர்களை மட்டும் குறைசொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இருப்பவரிடம் உடனடிப் பதிலை எதிர்பார்க்கும் முறையை வகுத்தவர்களுக்கும், “எங்க வந்துட்டிருக்கீங்க?” என்று மூன்றுமுறை அழைக்கும் நமக்கும் அந்த ஆபத்தில் பங்கு உண்டு.

சட்டத்தைப் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சாலைப் போக்குவரத்து குறித்த 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் 2006-ல் வந்த திருத்தமும், பல நாடுகளின் சட்டங்களும், வண்டி ஓடும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றன. காவலரின் கண்ணுக்குத் தெரிவது கைதான் என்பதால் சட்டம் கையைப் பற்றிப் பேசுவது புரிகிறது. ஆனால் தடுக்கப்படாத மற்றொன்று பாதுகாப்பானது என்று என்னைப் போன்றவர்கள் அதிலிருந்து பொருள்கொண்டுவிடுகிறோம். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 டிசம்பரில் ஒரு படி மேலே போய், கையில் பிடிக்காத கைபேசிப் பேச்சையும் ஓட்டுநர்கள் அவசரமில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று பரிந்துரைத்தது. மிசௌரி மாநிலத்தில் 2010-ல் இருவர் உயிரிழந்து 38 பேர் காயமுற்ற தொடர்மோதலை விசாரித்த பிறகு வந்த பரிந்துரை அது. அங்கே முதலில் மோதிய 19 வயது ஓட்டுநர் அதற்கு முந்தைய 11 நிமிடங்களில் 11 செய்திகளை அனுப்பியும் பெற்றும் இருந்தார். 11 நிமிடங்கள் என்ற அந்த எண்ணைப் படித்தபோது நான் சற்று நேரம் அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டேன்.

விபத்துக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை எளியவை, ஆனால் ஒவ்வொன்றிலும் முதலில் தடுமாறினேன். கைபேசியை மௌனமாக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்துப் பார்த்தேன். திரை ஒளிர்ந்தவுடன் கண் போனது. கண் போகாதபோதும், யார் அழைத்திருப்பார்கள் என்ற எண்ணம் ஓடியது. இப்போது அதைப் பைக்குள் போட்டு, பையைப் பின்னிருக்கையின் கீழே வைத்துவிடுகிறேன். கைபேசியில் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்ற ஏற்பாட்டை, காரின் ப்ளூடூத் இணைந்தவுடன் தானாகத் தொடங்கும்படி வைத்திருக்கிறேன். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே எண்ணிலிருந்து சில நிமிடங்களுக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணியடிக்கும்படி ஒரு விதிவிலக்கு பல கைபேசிகளில் இருக்கிறது. கவலையில் இருக்கும் குடும்பத்தினர் இரண்டாம் முறை உடனே அழைப்பார்கள் என்பதால், நம்மை மிகவும் கலைக்கக்கூடிய அழைப்புதான் அந்த வழியாக உள்ளே வரும். அதையும் அணைத்துவிட்டேன். “வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், நிறுத்தியதும் அழைக்கிறேன்” என்ற செய்தி அழைப்பவருக்குத் தானாகப் போகிறது.

வழிகாட்டும் வரைபடத்தைக் கிளம்புவதற்கு முன்பே அமைத்து, முதல் இரண்டு திருப்பங்களை மனத்தில் பதித்துக்கொள்கிறேன். பிறகு குரலை மட்டும் கேட்கிறேன். திருப்பம் தவறினால் தவறட்டும் என்று விட்டுவிடுகிறேன், அடுத்த இடத்தில் திரும்பிக்கொள்ளலாம். மகளோ மகனோ உடன் வந்தால் கைபேசி அவர்கள் பொறுப்பு. அழைப்பை எடுப்பதும், “அப்பா ஓட்டிட்டிருக்காங்க, அப்புறம் பேசுவாங்க” என்று சொல்வதும் அவர்களே. அதைச் சொல்லும் பிள்ளைகள் நாளை தாங்கள் ஓட்டும்போது அதை மறக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆசைதான் கடைசிவரை என்னோடு போராடியது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் அறக்கட்டளை 2015-ல் வெளியிட்ட ஆய்வில், கைபேசிக்கும் காரின் திரைக்கும் குரலால் கட்டளையிட்டு முடித்த பிறகும் கவனச்சிதறல் 27 விநாடிகள் வரை நீடிக்கக்கூடும் என்று கண்டறிந்திருக்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில்கூட 27 விநாடி என்பது 300 மீட்டர். பச்சை விளக்கு எரிந்து வண்டி நகர்ந்த பிறகும் நாம் அந்தச் செய்திக்குள்ளேயே இருக்கிறோம் என்பதைப் படித்த பிறகே அந்த ஆசை தணிந்தது. அதனால் பேச வேண்டியிருந்தால், வேகச்சாலையின் ஓரத்தில் அல்லாமல், வண்டி நிறுத்துவதற்கென்று உள்ள இடத்துக்குப் போய் நிறுத்துகிறேன். பேசி முடித்ததும் உடனே கிளம்பாமல் ஓரிரு நிமிடம் அமர்ந்திருக்கிறேன். செய்தி கெட்டதாக இருந்தால் அதைவிட நெடுநேரம் அமர்ந்திருக்கிறேன், அல்லது வேறொருவரை ஓட்டச் சொல்கிறேன்.

தவறு என்னுடையது என்று காவல்துறையிடம் எழுதிக் கொடுத்தேன். அடிபட்டவருடைய மருத்துவச் செலவையும், கை கட்டுப்போட்டிருந்த நாட்களில் அவர் இழந்த வருமானத்தையும் ஏற்றுக்கொண்டேன். அதனால் எதுவும் சமன் ஆகிவிடவில்லை. அவருடைய மணிக்கட்டு முன்போல வளைவதில்லை. முதன்முறை அவரைப் பார்க்கப் போனபோது என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அவரே, “அன்னிக்கு வண்டிக்குள்ள ஒரு அம்மா உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களே, அவங்களுக்குத் திரும்பக் கூப்பிட்டுப் பேசினீங்களா?” என்று கேட்டார். கீழே விழுந்து கிடந்த நேரத்திலும் அவர் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார்.

அக்கா பல மாதங்கள் தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார். “நான்தானே போன் பண்ணேன், நான்தானே பேசிக்கிட்டே இருந்தேன்” என்பார். எடுத்தவன் நான் என்று எத்தனை முறை சொல்லியும் அவர் ஏற்கவில்லை. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இன்று கைத்தடியோடு நடக்கிறார். அன்று நாங்கள் தீர்மானிக்க வேண்டியிருந்த தேதியை, நான் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு பேசியிருந்தாலும் தீர்மானித்திருக்கலாம், மருத்துவர் எங்களுக்கு மறுநாள் காலைவரை நேரம் கொடுத்திருந்தார்.

இப்போது அக்கா அழைத்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே, “எங்க இருக்கே? வண்டியிலயா?” என்று கேட்கிறார். போன வாரமும் அப்படித்தான். அவர் அழைத்ததைப் பார்த்து, வாகன நிறுத்துமிடத்திலிருந்து நான் திரும்ப அழைத்திருந்தேன்.

“வண்டியிலதான் இருக்கேன்க்கா. ஆனா நிறுத்திட்டேன்.”

“எஞ்சினை அணைச்சிட்டியா?”

“அணைச்சிட்டேன்.”

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். வண்டியின் இரைச்சல் கேட்கிறதா என்று காது கொடுத்திருப்பார். பிறகுதான் அப்பாவின் அடுத்த பரிசோதனை எப்போது என்பதைச் சொல்லத் தொடங்கினார்.